பழைய ஸ்கூட்டருக்குப் புதுக்கோலம்



நம்மில் பலருடைய வீடுகளில், மாடிப்படியின் அடியிலோ கொல்லைப்புறச் சுவரோரத்திலோ ஒரு சிறு வண்டி சாய்ந்து கிடப்பதைக் காணலாம். ஒரு காலைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் தரையை உந்தி, பிள்ளைகள் ஓட்டிச் செல்லும் ஸ்கூட்டர்தான் அது. ஏதோ ஒரு பெருநாளைக்கு மூத்த பிள்ளைக்கென்று வாங்கியிருப்போம். இரண்டு மூன்று ஆண்டுகள் அது தெருவையே அளந்திருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து சைக்கிளுக்கு மாறியதும் ஸ்கூட்டர் மூலைக்குப் போய்விட்டது. இப்போது இளைய பிள்ளையிடம், "இனி இது உனக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "அது காக்காவுடையது, எனக்குப் புதுசுதான் வேணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தப் பிள்ளையின் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. நிறம் உரிந்து, கைப்பிடி கிழிந்து, நடக்கும்போதெல்லாம் கடகடவென்று ஒலிக்கும் ஒன்றைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? அதற்காக நல்ல நிலையிலுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதும் வீண்விரயமே. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒரு விடுமுறை நாளில், அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அந்தப் பழைய வண்டியை அதன் உயரத்துக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப வீட்டிலேயே மாற்றியமைத்துக் கொடுப்பதுதான் அது.

இந்த எளியவன் இயந்திரவியல் படித்தவனல்லன். கல்லூரியில் கற்றது கலைப்பாடம். செய்யும் பணி மதரஸாவில் ஓதிக்கொடுப்பது. ஆயினும் இவ்வேலைக்குப் பட்டறையோ பட்டமோ தேவையில்லை. இரண்டு ஆலன் கீ, ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஓர் அரம், கொஞ்சம் உப்புத்தாள், பொறுமை ஆகியவை இருந்தால் போதும். எதையெல்லாம் மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்னும் தெளிவு மட்டும் கட்டாயம் வேண்டும். அத்தெளிவுக்காகவே இக்கட்டுரை.

வீட்டில் பிறந்த வண்டி

ஸ்கூட்டர் என்பது தொழிற்சாலையில் பிறந்த பொருள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பிள்ளைகளின் கைகளில் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நகரங்களின் பிள்ளைகள், பழக்கடையில் வீசியெறிந்த மரப்பெட்டியை ஒரு பலகையின் முனையில் நிமிர்த்தி ஆணியடித்து, உடைந்த உருளைக் காலணியின் சக்கரங்களைப் பலகைக்கு அடியில் பொருத்தி, தாமே ஸ்கூட்டர் செய்து ஓட்டினர்.

ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டின் கிழக்கே கோமா என்றொரு நகரம் உண்டு. அங்கே 'சுக்குடு' எனப்படும் பெரிய மர ஸ்கூட்டர்களில் இன்றும் மக்கள் விறகு, காய்கறி, கரி மூட்டைகளை ஏற்றிச் சென்று பிழைக்கின்றனர். கைக்கோடரியும் வாளும் கொண்டு உள்ளூர்த் தச்சர்கள் செய்பவை அவை. மரச்சக்கரத்தைச் சுற்றிப் பழைய டயர் ரப்பரை அறைந்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடையைச் சுமக்கும் அந்த வண்டிக்கு அந்நகரில் சிலையே எழுப்பியிருக்கிறார்கள்!

இவ்வளவு தூரம் போவானேன்? ஒர்க்ஷாப்பில் கழித்துப்போட்ட பேரிங்குகளைக் கெஞ்சி வாங்கிவந்து, பலகையில் கோத்து, சரிவான சாலையில் 'பேரிங் வண்டி' விட்ட நினைவு இதைப் படிக்கும் வாப்பாமார்களில் பலருக்கும் இருக்குமே!

இன்று நாம் காணும், மடக்கி எடுத்துச் செல்லத்தக்க அலுமினிய ஸ்கூட்டர் 1990களில் சுவிட்சர்லாந்தில் விம் ஓபோட்டர் என்பவரின் முயற்சியால் உருவானது. நடப்பதற்குச் சற்றுத் தொலைவு, வண்டியை வெளியில் எடுப்பதற்கோ மிக அருகு. அப்படிப்பட்ட தூரங்களுக்காகவே அவர் அதனைக் கண்டார். 2000ஆம் ஆண்டில் அது உலகெங்கும் காட்டுத்தீபோல் பரவியது.

பரவிய வேகத்திலேயே துன்பமும் வந்தது. அந்த ஆண்டின் ஜனவரி முதல் அக்டோபர் வரையிலான பத்து மாதங்களில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 27,600 பேர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தும் மோதியும் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தனர் என அந்நாட்டு அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. அவர்களில் 100க்கு 85 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். காயங்களில் பத்துக்கு மூன்று, எலும்பு முறிவோ மூட்டு விலகலோ ஆகும். ஆகவே, விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணி எந்தத் திருகையும் அலட்சியமாகக் கழற்றி மாட்டிவிடக்கூடாது என்பதை முதலில் மனத்தில் கொள்வோம்.

முதலில் சோதனை

மாற்றம் செய்வதற்கு முன், வண்டி மாற்றத்துக்குத் தகுதியானதுதானா என்று பார்க்கவேண்டும். ஈரத்துணியால் மண்ணையும் அழுக்கையும் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். கைப்பிடித் தண்டு பலகையோடு சேருமிடம், மடக்கும் கீல், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், பின்சக்கரத்தின் இருபக்கம் ஆகிய நான்கு இடங்களையும் உற்று நோக்குங்கள். மயிரிழை போன்ற விரிசல் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த வண்டியின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

"வெல்டிங் வைத்துவிடலாமே" என்று சிலர் கூறுவர். இரும்பு வேறு, அலுமினியம் வேறு. ஸ்கூட்டர்களுக்குப் பயன்படும் அலுமினியக் கலவை, ஆலையில் சூடேற்றிப் பதப்படுத்தியதால் வலிமை பெற்றது. வெல்டிங் சூடு பட்டால் சுற்றியுள்ள பகுதி தன் வலிமையை இழந்துவிடும். பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும். பிள்ளை வேகமாக இறக்கத்தில் வரும்போது முறியும். விரிசல் கண்ட வண்டியிலிருந்து சக்கரம், கிரிப் போன்ற நல்ல பாகங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவதே அறிவுடைமை.

அடுத்து, பின் பிரேக்கை அழுத்தியபடி கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்துப் பகுதியில் 'டக் டக்' என்று அசைந்தால் அங்குள்ள நட்டு தளர்ந்திருக்கிறது. அதை அசைவு நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். மிகுதியாக முடுக்கினால் கைப்பிடி திரும்ப மறுக்கும். பலகையின் அடிப்பக்கத்தில் எத்தனை கிலோ எடைவரை தாங்கும் என்று பொறித்திருப்பார்கள். ஓட்டப்போகும் பிள்ளையின் எடை அதற்கு உட்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

உயரம்: உடலுக்கேற்ற அளவு

வண்டி அந்தப் பிள்ளையினுடையதாக மாறுவது நிறத்தினால் அல்ல, அளவினால். பிள்ளையைக் காலணியுடன் பலகைமீது நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கைப்பிடி இடுப்புக்கும் தொப்புளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வரவேண்டும். முழங்கை சற்றே மடங்கியிருக்கவேண்டும். மூத்தவனுக்காக உயர்த்தி வைத்த கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டால் இளைய பிள்ளையின் தோள்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். திடீரென்று திருப்ப வலுவிராது. மிகத் தாழ்வாக இருந்தாலோ பிள்ளை முன்புறம் குனிந்து, சிறு கல் தட்டினாலும் தலைகுப்புற விழும்.

தண்டை உயர்த்தும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். உள்தண்டில் ஒரு கோடோ எழுத்தோ பொறிக்கப்பட்டிருக்கும். அது வெளியில் தெரியுமளவுக்கு உயர்த்தலாகாது என்பதற்கான அடையாளம் அது. சில வண்டிகளில் ஒரு பொத்தான் துளைக்குள்ளிருந்து வெளியே எட்டிப்பார்க்கும். அது முழுவதும் வெளியே வந்து 'க்ளிக்' என்று அமர்ந்தால்தான் உயரம் நிலைத்தது என்று பொருள். பிறகு கிளாம்பின் நெம்புகோலை மூடுங்கள். மூடும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதியுமளவுக்கு இறுக்கம் இருக்கவேண்டும். ஒரு விரலால் மூடிவிட முடிந்தால் அது தளர்ச்சி, உடனே சரிசெய்யுங்கள்.

கைப்பிடி முனை: காணாத அபாயம்

மாலை நேரத்தில் ஓதவரும் பிள்ளைகள் சிலர் ஸ்கூட்டரில்தான் வருகிறார்கள். மதரஸா வாசலில் செருப்புகளுக்கு அருகே அவ்வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றை நோக்கும்போதெல்லாம் என் கண்ணில் முதலில் படுவது கைப்பிடியின் முனைதான். ரப்பர் கிரிப்பின் நுனி தேய்ந்து கிழிந்து, உள்ளேயிருக்கும் உலோகக் குழாய் வட்டமாக வெளியே தெரியும். பெற்றோர் யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை.

அந்த வட்ட விளிம்பு, கூர்மையான கத்திக்குச் சமம். பிள்ளை விழும்போது கைப்பிடி திரும்பி, அந்த முனை வயிற்றில் பாய்வதுண்டு. வெளியே ஒரு சிறு சிவந்த வட்டம் மட்டும் தெரிய, உள்ளே கல்லீரல், மண்ணீரல், கணையம் ஆகியவை பாதிக்கப்படலாம் என்பதைச் சைக்கிள் விபத்துகளின் வாயிலாகக் குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். கைப்பிடி வயிற்றில் குத்திய பிள்ளை, "வலிக்கவில்லை" என்று சொன்னாலும் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

தீர்வோ மிக எளிது. பழைய கிரிப்பை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்துவிடுங்கள். குழாயைச் சோப்பு நீரால் கழுவித் துடையுங்கள். முனை மூடிய, தடித்த நுனியுள்ள புதிய கிரிப் ஒரு ஜோடியைச் சைக்கிள் கடையில் வாங்கலாம். குழாயின் பருமனுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே சில துளி சோப்பு நீரை விட்டு முறுக்கியபடி தள்ளினால் ஏறிவிடும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். அது காயாது, கிரிப் கையோடு கழன்றுவரும். ஓர் இரவு முழுவதும் காயவிட்டு, காலையில் பலமாக முறுக்கிப் பாருங்கள், அசையக்கூடாது. எந்த நிறம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பிறர் கண்ணுக்கு முதலில் தெரிவதும் பிள்ளையின் கை எந்நேரமும் தொட்டுக்கொண்டிருப்பதும் கிரிப்தான். 'என் வண்டி' என்னும் உணர்வு அங்கேதான் தொடங்கும்.

சக்கரமும் பேரிங்கும்

கடகட ஒலிக்கும் மந்தமான ஓட்டத்துக்கும் பெரும்பாலும் பேரிங்கே காரணம். சக்கரத்தைத் தூக்கிப்பிடித்துச் சுழற்றுங்கள். மெல்லிய ஒலியோடு நெடுநேரம் சுழன்றால் நலம். 'கரகர' என்று அரைத்தால் உள்ளே மணலோ துருவோ சேர்ந்திருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றினால் இத்துரு விரைவில் வந்துவிடும்.

மகிழத்தக்க செய்தி என்னவெனில், பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இருப்பது '608' என்னும் எண் கொண்ட ஒரே அளவுப் பேரிங்தான். உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், தடிமன் 7 மில்லிமீட்டர். பழையதன் விளிம்பிலேயே எண்ணைப் படித்துக்கொள்ளலாம். பேரிங் விற்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். எண்ணுக்குப் பின் 'இசட் இசட்' என்றிருந்தால் உலோக மூடி. 'டூ ஆர்எஸ்' என்றிருந்தால் ரப்பர் மூடி. நம் தெருப் புழுதிக்கும் மழைக்கும் ரப்பர் மூடியே ஏற்றது. 'ஏபெக் 7', 'ஏபெக் 9' என்று பெரிய எண்களைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பார்கள். அந்த எண் அளவின் நுட்பத்தைக் குறிப்பதேயன்றி வேகத்தைக் குறிப்பதன்று. பிள்ளையின் ஸ்கூட்டருக்குச் சாதாரணமானதே போதும்.

மாற்றும் முறை இது. வண்டியைப் பழைய துணிமேல் தலைகீழாக வையுங்கள். சக்கர அச்சின் இருபக்கமும் ஆலன் கீ நுழையும் குழி இருக்கும். ஒருபக்கம் ஒரு கீயால் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இடப்புறமாகத் திருகினால் அச்சு கழன்றுவரும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் வாஷரையும் செய்தித்தாளின்மேல் கழற்றிய வரிசையிலேயே அடுக்கிவைக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். மாட்டும்போது வரிசையைப் பின்னாலிருந்து படித்தால் போதும். ஒன்றும் மாறாது, ஒன்றும் தொலையாது.

ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங்குகளும், அவற்றின் நடுவே ஒரு சிறு குழாயும் இருக்கும். திருப்புளியை ஒருபுறத்திலிருந்து நுழைத்து, அக்குழாயைச் சற்றே விலக்கி, மறுபுறப் பேரிங்கின் உள்வளையத்தைச் சுற்றிச்சுற்றி மெல்லத் தட்டுங்கள். அது வெளியே வந்துவிடும். இவ்வாறு தட்டியெடுத்த பேரிங்கை மறுபடி பயன்படுத்த வேண்டாம். புதியதை அமர்த்தும்போது அதன் வெளிவளையத்தின்மீது மட்டும் அழுத்தம் விழவேண்டும். பழைய பேரிங்கையே மேலே வைத்து நேராக அழுத்தினால் ஒழுங்காக உட்காரும். நடுக்குழாயை மறந்துவிடாதீர்கள்! அது இல்லாமல் அச்சை முடுக்கினால் பேரிங் நசுங்கிச் சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

ஓடும்போது மின்னும் சக்கரங்கள் மீது பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. அவற்றில் பேட்டரி கிடையாது. நடுக்குழாயில் காந்தமும், சக்கரத்துக்குள் கம்பிச்சுருளும் இருக்கும். காந்தத்தைச் சுற்றிச் சுருள் சுழலும்போது மின்சாரம் உண்டாகி விளக்கு எரிகிறது. பள்ளியில் பின்னர் படிக்கப்போகும் பாடத்தைப் பிள்ளை தன் வண்டியிலேயே இப்போது கண்டுகொள்ளும். சக்கரத்தோடு வந்த அந்தக் காந்தக் குழாயைத்தான் பொருத்தவேண்டும். பழையதைப் போட்டால் விளக்கு எரியாது.

சக்கரமே தேய்ந்திருந்தால் அதே அளவில் புதியது வாங்குங்கள். 100, 110, 120 மில்லிமீட்டர் என விட்டம் சக்கரத்திலேயே பொறித்திருக்கும். அகலமும் ஒத்திருக்கவேண்டும். பெரிய சக்கரம் ஓட்டத்துக்கு நல்லது என்பது உண்மையே. சிறிய சக்கரம் பேவர் பிளாக் கற்களின் இடுக்கில் சிக்கிச் சட்டென்று நின்றுவிடும். ஆயினும் ஃபோர்க்கிலோ பின் பிரேக்கிலோ உரசும் அளவுக்குப் பெரியதை வற்புறுத்தி நுழைக்கலாகாது. பெரிய சக்கரம் வேண்டுமென்றால் அதற்கென்றே அமைந்த வண்டியைத்தான் வாங்கவேண்டும்.

இறுதியில் அச்சை முடுக்குங்கள். சக்கரம் இடமும் வலமும் ஆடாமல், ஆனால் தடையின்றிச் சுழலவேண்டும். அதிர்வினால் போல்ட் தளராமலிருக்க, அதற்கென ஹார்டுவேர் கடையில் விற்கும் நீலநிறப் பசையில் ஒரு துளியை மரையில் இட்டு முடுக்குவது நல்லது.

பலகையின் சொரசொரப்பு

நிற்கும் பலகையின் மேலுள்ள சொரசொரப்பு தேய்ந்துவிட்டால் மழைநாளில் கால் வழுக்கும். மாடிப்படிகளில் ஒட்டும் வழுக்காத டேப் இதற்குப் போதுமானது. வெறும் உப்புத்தாளை ஒட்டினால் முதல் மழையிலேயே ஊறிக் கிழிந்துவிடும்.

பழையதை உரித்து, மீதமுள்ள பசையைத் துடைத்தெடுத்து, பலகையை நன்கு உலரவிடுங்கள். பிள்ளைக்குப் பிடித்த வடிவத்தை, நட்சத்திரமோ பிறையோ தன் பெயரின் முதலெழுத்தோ, டேப்பின் பின்புறத்தில் வரைந்து வெட்டியெடுக்கச் சொல்லலாம். அந்த இடைவெளியில் பலகையின் நிறம் எட்டிப்பார்க்கும். ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். விளிம்பில் அரத்தைச் சாய்வாகத் தேய்த்தால் ஒரு வெள்ளைக்கோடு விழும். அக்கோட்டின்மேல் பிளேடை ஓட்டினால் மிச்சம் துல்லியமாக அறுபடும். பிளேடு பெரியவர் கையிலேயே இருக்கட்டும். பிரேக்கின் மீதோ மடக்கும் கீலின் மீதோ டேப் படரக்கூடாது. இது வெறுங்காலைச் சிராய்த்துவிடும் ஆதலால், காலணியின்றி ஓட்டக்கூடாது என்பதையும் இத்துடன் சட்டமாக்கிவிடுங்கள்.

நிறம் பிள்ளையின் விருப்பம்

நிறத்தில் மட்டும் பெற்றோர் தலையிடவேண்டாம். வானநீலமோ மஞ்சளோ, பிள்ளை கேட்டதே இறுதித் தீர்ப்பு. பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கி, தூசியைத் துடைத்து, முதலில் பிரைமரும் பின்னர் ஸ்ப்ரே பெயிண்டும் அடியுங்கள். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வழியும். மெல்லிய பூச்சாக மூன்று தடவை, ஒவ்வொன்றையும் உலரவிட்டு அடித்தால் கடைச்சரக்கைப் போல இருக்கும். மொட்டைமாடி போன்ற காற்றோட்டமான இடத்தில், மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு பெரியவர் அடிக்கவேண்டும். அடுப்பிருக்கும் அறைப்பக்கமே போகலாகாது.

பேரிங், மரை, கிளாம்ப், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் உள்தண்டு, பிரேக் உரசும் பரப்பு ஆகியவற்றை முன்னதாகவே டேப்பால் மூடிவிடுங்கள். உள்தண்டில் பெயிண்ட் பட்டால் ஏறவும் இறங்கவும் மறுக்கும். எச்சரிக்கைக் குறிகளையும் எடை அளவையும் பெயிண்டால் அழித்துவிடாதீர்கள். பழைய பெயிண்டைத் தீயால் சுட்டு எடுப்பதும் கூடாது. முன்பு சொன்னபடி அலுமினியம் சூட்டில் வலிமையிழக்கும்.

பெயிண்ட் காய்ந்தபின், முன்பக்கம் வெள்ளையும் பின்பக்கம் சிவப்புமாக ஒளியைத் திருப்பியனுப்பும் டேப்பை ஒட்டுங்கள். மஃரிப் நேரத்து மங்கலில் வீடு திரும்பும் பிள்ளையை மோட்டார் வாகனத்தில் வருபவர் தொலைவிலேயே கண்டுகொள்ள இது உதவும். ஒரு சிறு மணியும் இருந்தால் பிள்ளையின் மகிழ்ச்சி முழுமை பெறும்.

தொடக்கூடாதவை

இனி, எவ்வளவு கெஞ்சினாலும் இணங்கக்கூடாத மாற்றங்கள் சில உள்ளன.

பின் பிரேக்கைக் கழற்றுவது: "இது இல்லாவிட்டால் எடை குறையும், ஸ்டைலாக இருக்கும்" என்று பெரிய பையன்கள் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். பிரேக் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதியது போடுங்கள். கழற்றாதீர்கள்.

கைப்பிடித் தண்டை வெட்டுவதும் துளையிடுவதும்: மணி மாட்டவோ விளக்கு மாட்டவோ துளை போட்டால், முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். கிளாம்ப் வைத்து மாட்டும் பொருள்களையே வாங்குங்கள்.

மடக்கும் ஸ்கூட்டரைச் சாகச வண்டியாக்குவது: காணொளிகளில் படிக்கட்டுகளைத் தாவிக் குதிக்கும் இளைஞர்களின் வண்டிகள் வேறு இனம். அவற்றில் மடக்கும் கீலே கிடையாது. பலகையும் தண்டும் ஃபோர்க்கும் அதற்கெனவே செய்யப்பட்டவை. சக்கரத்தையும் நிறத்தையும் மாற்றியதால் நம் வீட்டு வண்டி அந்த இனத்தைச் சேர்ந்துவிடாது.

மோட்டாரும் பேட்டரியும் பொருத்துவது: இப்போது இதற்கான உதிரிபாகங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் காலின் வேகத்துக்காக அமைந்த பிரேக்கும் சக்கரமும் மோட்டாரின் வேகத்தைத் தாங்கா. வீட்டில் இணைத்த லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பதும் அரிது.

ஓட்டுவதற்கு முன்

வண்டி ஆயத்தமாகிவிட்டது. ஓட்டப்போகும் பிள்ளையையும் ஆயத்தப்படுத்தவேண்டும் அல்லவா? ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கவேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் மட்டும் நுழையவேண்டும்.

பெண்பிள்ளைகளின் துப்பட்டாவையும் நீண்ட உடையின் ஓரத்தையும் உம்மாமார்கள் தனிக்கவனத்துடன் பார்க்கவேண்டும். பின்சக்கரத்துக்கும் அதன் மூடிக்கும் இடையில் துணி சிக்கினால் வண்டி அந்த நொடியே நிற்கும். கழுத்தைச் சுற்றிய துணியாயின் ஆபத்து பெரிது. தலைத்துணியைச் சிறியதாக, நுனி தொங்காமல் உள்ளே செருகிக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட் அணிவியுங்கள். உடையின் ஓரம் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி உள்ளே ஒரு முழுக்கால் உடையோடு அமைத்துக்கொள்ளலாம். ஓதும் பையையும் புத்தகப் பையையும் கைப்பிடியில் தொங்கவிடாமல் முதுகில் மாட்டச் சொல்லுங்கள். கைப்பிடியில் தொங்கும் பை, திரும்பும்போது வண்டியையும் தன்பக்கம் இழுத்துச் சாய்க்கும்.

முதல் ஓட்டம் வண்டிகள் வராத முற்றத்தில் நடக்கட்டும். பத்தடி ஓடி பிரேக், மீண்டும் பத்தடி ஓடி பிரேக் என்று நிற்கப் பழகியபிறகே வேகம். ஒரு வாரம் கழித்து எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். புதிதாக மாட்டியவை முதல் வாரத்தில்தான் தளரும். அதன்பின் மாதம் ஒருமுறை போதும்.

பெற்றோர்களே! புதிய வண்டி வாங்குவதைவிட இதில் செலவு மிகக் குறைவு என்பது உண்மை. ஆயினும் இலாபம் பணத்தில் மட்டுமன்று. ஒரு நாள் முழுவதும் கைபேசியை மறந்து, வாப்பாவின் பக்கத்தில் அமர்ந்து, எந்த வாஷர் எங்கே போகிறது என்று பார்த்த பிள்ளைக்குத் தன் வண்டியின் ஒலியே பாடமாகிவிடும். சக்கரம் கரகரத்தால் அது நின்று பார்க்கும். கிரிப் கிழிந்தால் வந்து சொல்லும். எந்தக் கடையிலும் இந்தக் கவனத்தை விலைக்கு வாங்கமுடியாது. இன்ஷா அல்லாஹ், இன்னும் சில ஆண்டுகளில் அந்த வண்டி அடுத்த தம்பிக்கோ தங்கைக்கோ கைமாறும் நாள் வரும். அன்று ஆலன் கீயைத் தேடியெடுத்து, "உனக்கு என்ன நிறம் வேணும்?" என்று கேட்கப்போவது நீங்களாக இராது, இன்று உங்கள் பக்கத்தில் அமர்ந்து வாஷர்களை அடுக்கிய அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.